பால்வாடிக்குப் போன பாரம்

காவிரி கண்ணுக்குத் தெரியாத தூரத்தில், ஆனால் காவிரித் தண்ணீர் வாரத்துக்கு இரண்டு நாள் குழாயில் வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போகிற தூரத்தில், விடிந்ததிலிருந்து தறிச் சத்தம் ஓயாத எங்கள் வீதி இருக்கிறது. நாங்கள் எல்லாரும் உரக்கப் பேசுகிறவர்கள், தறிக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை எங்களுடையது. ஆனால் பேச வேண்டிய இடத்தில் மட்டும் எங்களுக்குக் குரல் எழும்பாது. அதைத்தான் சொல்லப்போகிறேன், சொல்லும்போது என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தறிப்பட்டறையில் நூலைக் குச்சியில் ஏற்றித் தார் சுற்றுகிற மேனகாவுக்கு மூன்று வயதில் ஒரு பெண் இருந்தாள். பெயர் வர்ணிகா. பிறந்த உடனே அழாமல், எல்லாரும் கைவிட்ட பிறகு அழுத பிள்ளை. மூளை முடக்குவாதம் என்று பெரியாஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். கழுத்து நிற்காது, உட்கார வைத்தால் சாய்ந்துவிடும், பேச்சு வராது, ஆனால் யாராவது பிள்ளைகள் விளையாடுகிற சத்தம் கேட்டால் உடம்பு முழுக்கச் சிரிக்கும். மேனகாவின் புருஷன் லாரிக்குப் போகிறவன், மாதத்துக்கு ஒரு தரம் வந்து துணி மாற்றிக்கொண்டு போவான். அதனால் அவள் பிள்ளையைச் சேலைத் துணியில் இடுப்போடு கட்டிக்கொண்டே தார் சுற்றினாள், பட்டறைப் பஞ்சு பிள்ளையின் நெஞ்சுக்குள் போய் இருமல் பிடித்தது, டாக்டர் திட்டினார், பட்டறைக்காரரும் இனிமேல் பிள்ளையைக் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஆனி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, பிள்ளைக்குத் தலைசீவிப் புதுக் கவுன் மாட்டி, வீதிக் கோடியில் இருக்கும் பால்வாடிக்கு மேனகா தூக்கிக்கொண்டு போனாள். அங்கன்வாடி என்று போர்டில் எழுதியிருந்தாலும் எங்களுக்கு அது பால்வாடிதான். அங்கே இருந்த ராஜாமணி டீச்சர் கெட்டவர் இல்லை, இருபது வருஷமாக எங்கள் பிள்ளைகளுக்கெல்லாம் மூக்குச் சிந்திவிட்டவர். கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஏனுங் மேனகா, நானும் மாராயி ஆயாவும் ரெண்டே பேரு. இருபத்திரெண்டு புள்ளைங்க. இவளைப் பாக்கறதா, அதுங்களைப் பாக்கறதா? சாஞ்சு கீஞ்சு விழுந்து வெச்சா யாருங்க பதில் சொல்றது?"

"செவுத்தோரமா படுக்க வெச்சாக்கூடப் போதுங் டீச்சர். மத்த புள்ளைங்க சத்தம் கேட்டுட்டுக் கெடப்பா."

"இதுக்குன்னு தனியா ஸ்கூலு இருக்குதல்ல."

"அது ரெண்டு பஸ்ஸு மாறிப் போகோணுங். விட்டுப்போட்டு நான் எப்ப வேலைக்கு வர்றதுங்?"

"அதுக்கோசரம்? அவங்கவங்க பாரத்தைக் கொண்டாந்து இங்க எறக்கி வெச்சுட்டுப் போனா நான் என்ன பண்றது, சொல்லுங்க."

பாரம் என்று டீச்சர் சொன்னது பேச்சுவாக்கில்தான். நாங்கள் எல்லாருமே அந்தப் பிள்ளையைப் பற்றி அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம், பாவம் மேனகாவுக்கு இது எத்தனை காலத்துப் பாரம் என்று அவள் காதுபடவே உச்சுக்கொட்டினோம். சொன்ன நாங்கள் சொல்லிவிட்டு மறந்தோம். ஆனால் பாரம் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது, இறக்கி வைப்பதற்கு ஓர் இடம் உண்டு என்பதை அன்றைக்கு டீச்சர் வாயிலிருந்து அது தெரிந்துகொண்டது.

மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு மேனகா பிள்ளையைக் கட்டிலிலிருந்து தூக்கினாள். நிறைகுடம் என்று நினைத்து வெறுங்குடத்தைத் தூக்கினால் கை எப்படிச் சடக்கென்று மேலே போகுமோ அப்படிப் போனது. பிள்ளை அப்படியேதான் இருந்தாள், அதே கன்னம், அதே மெலிந்த கால், அதே எச்சில் ஒழுகும் சிரிப்பு. எடை மட்டும் இல்லை. மேனகா பயந்துபோய்ப் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள், அணைத்த கைக்குள் ஒரு துண்டுத்துணி அளவுக்குக்கூடக் கனம் தெரியவில்லை. அவள் கத்தவில்லை. பட்டறைக்கு நேரமாகிவிட்டது என்பதுதான் அப்போது அவளுக்கு முதலில் தோன்றியது என்று பின்னால் என்னிடம் சொல்லி அழுதாள்.

அதே நேரத்தில் பால்வாடியில் சுவரோரமாக மடித்துப் போட்டிருந்த ஜமக்காளத்தில் ஒரு சின்னப் பள்ளம் விழுந்தது. இனியா என்கிற மூன்று வயதுப் பெண் அதன்மேல் உட்காரப்போய், யாரோ இருக்கிறார்கள் என்று தள்ளி உட்கார்ந்தாள். உருட்டிவிட்ட பந்து அங்கே போய் முட்டி நின்றது. மத்தியானம் படுக்கப் போட்டபோது இரண்டு பிள்ளைகள் அந்த இடத்தில் தலைவைத்துத் தூங்கினார்கள், தலை தரைக்கு ஒரு சாண் மேலே இருந்தது. மாராயி ஆயா அதைப் பார்த்துவிட்டு, விளக்குமாற்றை வைத்துவிட்டு, பிள்ளைகள் விழித்துக்கொள்ளும்வரை அந்தப் பக்கம் பெருக்காமல் விட்டாள்.

அந்த வாரமே எடை பார்க்கிற நாள் வந்தது. பால்வாடியில் விட்டத்தில் ஒரு தராசு தொங்கும், அதில் துணித்தூளி மாட்டிப் பிள்ளைகளை ஒவ்வொருவராக வைத்து எடை குறிப்பார்கள், பால்வாடிக்கு வராத பிள்ளைகளையும் மாதம் ஒரு முறை கொண்டுவந்து காட்ட வேண்டும். அன்றைக்கு முதல் பிள்ளையை வைப்பதற்கு முன்னாலேயே தூளி தானாகத் தொங்கி, முள் பதினொன்றே கால் கிலோவில் போய் நின்றது. டீச்சர் தூளியை உதறினார், தட்டினார், கழற்றிப் போட்டுவிட்டு மறுபடி மாட்டினார். முள் அங்கேயேதான் வந்து நின்றது.

"இது மேனகா புள்ள எடைங்க டீச்சர்," என்றாள் மாராயி. "போன மாசம் நாந்தானே தூளியில போட்டேன். பதினொண்ணே காலு."

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, வந்தது வராதது எதையும் மாற்றி எழுதிப் பழக்கமில்லாதவர் என்பதால், பதிவேட்டை எடுத்துப் புது வரி ஒன்றில் வர்ணிகா என்று எழுதி, எடைக்கு நேரே எடையைப் போட்டு, வருகைக்கு நேரே ஒரு டிக் அடித்தார். அவர் அன்றைக்குப் பொய் எழுதவில்லை. அவர் பொய் எழுதுகிறவராக இருந்திருந்தால் பின்னால் வந்த துன்பத்தில் பாதி வந்திருக்காது.

முதல் ஒரு மாதம் அந்த எடை ஒழுங்காகப் போய்வந்தது, காலையில் ஒன்பதரைக்குப் புறப்படும், மூன்றரைக்குப் பிள்ளைகளோடு திரும்பும், மேனகா பட்டறையிலிருந்து ஓடிவந்து, வீட்டில் விட்டுப்போன மகளைத் தூக்கும்போது கை நிறையக் கனக்கும். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அது வீடு திரும்பவில்லை. சனி ஞாயிறும் திரும்பவில்லை, அதன் பிறகு வரவேயில்லை. விளையாட்டு ருசி கண்ட பிள்ளை வீட்டுக்கு வருமா என்று நாங்கள் சிரித்தோம். மேனகா பூட்டியிருந்த பால்வாடி ஜன்னலில் முகத்தை வைத்து அந்தப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன், பார்த்துவிட்டு வேறு வழியாகப் போனேன்.

எங்கள் வீதி எதற்கும் சீக்கிரம் பழகிக்கொள்ளும். எடை இல்லாத பிள்ளைக்கும் பழகிக்கொண்டது. ஆடிக் காற்று ஆரம்பித்தபோது ஜன்னல் வழியாகப் பிள்ளை பறந்துவிடக் கூடாதே என்று பக்கத்து வீட்டில் பழைய கொசுவலை கொடுத்தார்கள், தையல்காரர் கவுன் ஓரத்தில் சின்னச் சின்னப் பை வைத்து ஆற்று மணல் நிரப்பித் தைத்துக் கொடுத்தார், கட்டிலோடு சேர்த்துக் கட்ட உறுத்தாத நூலாகப் பார்த்து நானே ஒரு பட்டை நெய்து கொடுத்தேன். பிள்ளை வீட்டில் அந்தப் பட்டைக்குள் கிடந்தாள், மேனகா நடுவில் இரண்டு முறை ஓடிவந்து பாலூட்டித் துணி மாற்றிவிட்டு ஓடினாள். "நல்லதாப் போச்சு போ, இனி உனக்கு இடுப்பு நோவாது," என்று பெண்கள் சொன்னார்கள். வீதி முழுக்க அவளுக்கு உதவி செய்தது, உள்ளன்போடுதான் செய்தது. ஒருத்தர்கூடப் பால்வாடிக்குப் போய், எடை இருக்கிற இடத்தில் பிள்ளையை ஏன் வைக்கக் கூடாது என்று கேட்கவில்லை.

பால்வாடியில் அதற்குள் அந்த எடை பிள்ளைகளுக்கு வர்ணியாகி, வர்ணி பெரிய ஆளாகிவிட்டாள். பாட்டுப் பாடும்போது பிள்ளைகள் அந்தப் பள்ளத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள், ஆடுகிற மரக்குதிரையில் வர்ணிக்கு ஒரு முறை உண்டு, முட்டை போடுகிற நாளில் அவள் தட்டிலும் ஒன்று வைத்து, வர்ணி சாப்பிடவில்லை என்று கடைசியில் இனியா அதைப் பிட்டு எல்லாருக்கும் கொடுத்தாள். சாப்பிடாமலேயே அந்த எடை மாதாமாதம் ஏறியது. பன்னிரண்டு ஆனது, பதின்மூன்று ஆனது, வளர்ச்சி அட்டையில் டீச்சர் போட்ட புள்ளிகள் பச்சைக் கோட்டுக்குள் அழகாக மேலே ஏறின. வீட்டில் கிடந்தவள் அப்படியே இருந்தாள். ஒரு வருஷத்துக்கு முன்னால் தைத்த கவுன் அவளுக்கு அப்படியே பொருந்தியது.

ஒருநாள் மேற்பார்வைக்கு ஒரு மேடம் வந்தார். பதிவேட்டைப் புரட்டி, மாற்றுத்திறன் குழந்தை ஒன்று ஒருநாள்கூடத் தவறாமல் வருவதைப் பார்த்து அகமகிழ்ந்து, எங்கே அந்தக் குழந்தை என்று கேட்டார். பிள்ளைகள் எல்லாரும் ஒரே கையாகப் பள்ளத்தைக் காட்டினார்கள். மேடம் தொட்டுப் பார்த்தார், தூக்கிப் பார்த்தார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறக்கி வைத்தார். "சிரமமே குடுக்காத குழந்தை," என்று டீச்சரிடம் சொன்னார். அடுத்த வாரம் வாசலில் ஒரு போர்டு வந்தது, எல்லாக் குழந்தைகளையும் அரவணைக்கும் மையம் என்று நீல எழுத்தில் எழுதியிருந்தது, அந்தப் போர்டுக்குக் கீழே ஜமக்காளத்தை விரித்துப் படமும் எடுத்தார்கள்.

அந்தப் போர்டைப் பார்த்துத்தான் மேனகாவுக்கு முதல் முறையாகக் கோபம் வந்தது. மாற்றுத்திறனாளிகள் சங்கத்தில் இருக்கிற சாதிக் பாயைத் தேடிப் போனாள். சாதிக் பாய் சின்ன வயதில் போலியோ வந்து இரண்டு காலும் சூம்பியவர், பக்கத்துக்கு ஒன்றாகக் கூடுதல் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் ஊரெல்லாம் மனு கொடுத்துக்கொண்டு திரிகிறவர்.

"ரெண்டாயிரத்துப் பதினாறுலயே சட்டம் வந்தாச்சும்மா," என்றார் அவர். "ஒதுக்கி வைக்கக் கூடாது, மத்த புள்ளைங்களோட சேத்துக்கோணும், அதுக்கு என்ன வசதி வேணுமோ அதைச் செஞ்சு குடுக்கோணும். இது அவங்க பாத்துப் போடற தயவு இல்ல. நீ போய் அழுகவும் வேண்டியதில்ல, கால்ல விழுகவும் வேண்டியதில்ல."

"அழுது அழுது எனக்கும் சலிச்சுப்போச்சுங் பாய். நீங்க எழுதுங்க."

எழுதினார். சாய்ந்து உட்கார ஒரு நாற்காலி, கூடுதலாக ஓர் உதவியாளர், சேர்க்கை, மூன்றும் கேட்டு எழுதினார். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. மேற்படி குழந்தை பதிவேட்டின்படி நூற்று எண்பத்தேழு நாட்கள் மையத்துக்கு வருகை புரிந்துள்ளதாலும், எடை சீராக உயர்ந்துள்ளதாலும், சேர்க்கை மறுக்கப்பட்டதாகக் கூறுவது உண்மைக்கு மாறானது, மனு முடித்து வைக்கப்படுகிறது. சாதிக் பாய் அதை ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே இரண்டு முறை படித்தார். எத்தனையோ மறுப்புகளைப் பார்த்தவர், நடக்க முடியாதவனை மாடிக்கு வந்து கையெழுத்துப் போடச் சொன்ன மறுப்பெல்லாம் பார்த்தவர், அன்றைக்கு அந்தத் தாளைத் திருப்பி, பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்தார்.

"புள்ள வரலைன்னு நாம நிரூபிக்கோணும் போல," என்றார்.

"புள்ள என்ற இடுப்புல இருக்குதுங் பாய்."

"இருக்குது. ஆனா அவங்க தராசுல இல்லையே."

இரண்டு பேரும் விடவில்லை. மேனகா வேலைக்குப் போகாத நாளெல்லாம் மகளை மணல் கவுனோடு தூக்கிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறினாள், பாய் கீழே ஸ்கூட்டரில் காத்திருந்தார். ஒரு மேஜையில் எடை இல்லாத குழந்தைக்கு எந்தப் படிவம் என்று தேடினார்கள், இன்னொரு மேஜையில் வந்துகொண்டிருக்கிற குழந்தையை எப்படிச் சேர்ப்பது என்று கேட்டார்கள். கடைசியில் கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி, அதிகம் பேசாதவர், பிள்ளையின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, சட்டம் குழந்தையைத்தான் சேர்க்கச் சொல்கிறது, குழந்தையின் எடையை மட்டும் சேர்த்துக்கொண்டால் அது சேர்க்கை ஆகாது என்று எழுதி உத்தரவு போட்டார். அந்த ஒரு வரிக்கு, டீச்சர் திருப்பி அனுப்பிய நாளிலிருந்து மொத்தம் பதினான்கு மாதம் ஆனது. சாதிக் பாய் அன்றைக்கு எங்கள் வீதியில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தார், நானும் வாங்கித் தின்றேன்.

மறுநாள் காலை மேனகா மகளைக் குளிப்பாட்டி, மணல் பைகளைப் பிரித்தெடுத்துவிட்டு, அதே கவுனைப் போட்டுத் தூக்கிக்கொண்டு போனாள். இனிமேல் மணல் எதற்கு, எடை அங்கேதானே இருக்கிறது, பிள்ளையை அதன்மேல் உட்கார வைத்தால் சேர்ந்துவிடும் என்று நினைத்தாள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். நாற்காலி வந்திருந்தது, உதவிக்கு ஒரு பெண்ணைப் போட்டிருந்தார்கள், ராஜாமணி டீச்சர் வாசலுக்கே வந்து, "வாங்க மேனகா, அன்னைக்கு நான் சொன்னதை மனசுல வெச்சுக்காதீங்க," என்று கையைப் பிடித்தார். அதை அவர் மனதாரத்தான் சொன்னார், கண் கலங்கியிருந்தது.

மேனகா சுவரோரமாகப் போய்க் குனிந்து, மகளை அந்தப் பள்ளத்தில் வைத்தாள். பிள்ளை வழுக்கிக்கொண்டு வந்தாள். மறுபடி வைத்தாள், மறுபடியும் வழுக்கியது. எடை இப்போது பதினைந்து கிலோ, நான்கு வயதுப் பிள்ளைக்கு உரிய எடை, பதினான்கு மாதம் பாட்டும் ஆட்டமுமாக வளர்ந்த எடை. மூன்று வயதிலேயே நின்றுபோன அந்த உடம்புக்குள் அது எப்படிப் பொருந்தும். மேனகா மூன்றாவது முறையும் வைக்கப்போனபோது இனியா எழுந்து வந்து குறுக்கே நின்றாள்.

"அத்தை, அங்க வெக்காதீங்க. அது வர்ணி எடம். வர்ணி உக்காந்திருக்கா."

"இதுதான் கண்ணு வர்ணி."

"இல்லீங்க அத்தை. வர்ணி எங்க கூடப் படிக்கறவ. இது பாப்பா."

மற்றப் பிள்ளைகளும் வந்து பள்ளத்தைச் சுற்றி நெருக்கமாக உட்கார்ந்துகொண்டார்கள். அவர்கள் மேல் என்ன குற்றம் சொல்ல முடியும், தங்கள் சிநேகிதியின் இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, எங்களுக்கு அதுகூடத் தெரியவில்லையே. பிறகு இனியாவே நகர்ந்து, தனக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு பிள்ளை இருக்கிற அளவுக்கு இடம் விட்டாள். "பாப்பா இங்க உக்காரட்டும்," என்றாள். மேனகா நாற்காலியை அங்கே இழுத்துப் போட்டு, மகளை வைத்து, மேலே எழும்பிவிடாமல் வயிற்றில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

டீச்சர் பதிவேட்டை எடுத்தார், எடுத்துவிட்டுப் பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார்.

"மேனகா, உத்தரவுல வர்ணிகான்னு போட்டிருக்குதுங். இங்க வர்ணிகா ஏற்கெனவே இருக்கறா. ஒரே பேருக்கு ரெண்டு வரி போட முடியாது." மெதுவாகக் கேட்டார். "அவளை அடிச்சுட்டு இவளைப் போடட்டுங்களா?"

மேனகா பள்ளத்தைப் பார்த்தாள். ஒரு சின்னப் பையன் அதன்மேல் சாய்ந்து மூக்கை நோண்டிக்கொண்டிருந்தான், இன்னொருத்தி கழன்ற தன் வளையலை அதன் கையாக இருக்கக்கூடிய இடத்தில் வைத்து அழகு பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து மாதம் சுமந்ததும் மூன்று வருஷம் இடுப்பில் சுமந்ததும் அந்த எடையைத்தான். அவள் உள்ளங்கைக்குக் கீழே இன்னொன்று மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.

"அடிக்க வேண்டாங் டீச்சர். அதும் என்ற புள்ளதானே."

"அப்ப இவளுக்கு?"

மேனகா, மணல் பை பிரித்த கவுன் ஓரத்தை மகளின் முழங்காலுக்கு இழுத்துவிட்டாள். பிறகு, பிள்ளை வயிற்றில் இருக்கும்போது ஆசைப்பட்டு வைத்திருந்து, எழுத்து சரியில்லை என்று ஜோசியர் சொன்னதால் விட்டுவிட்ட ஒரு பெயரைச் சொன்னாள். கயல். டீச்சர் கடைசி வரியில் அதை எழுதினார், எழுதி முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டார், வரிசையாகப் பெயர் கூப்பிட ஆரம்பித்தார், பிள்ளைகள் ஒவ்வொருவராக உள்ளேன் டீச்சர் என்றார்கள்.

"வர்ணிகா."

"உள்ளேன் டீச்சர்," என்று இருபத்திரண்டு பிள்ளைகளும் அவளுக்காகச் சேர்ந்து கத்தினார்கள், தினமும் அப்படித்தான் வழக்கமாம். நாற்காலியில் இருந்தவளுக்கு இந்த உலகத்தில் தெரிந்த ஒரே சொல் வர்ணிகா என்பதுதான். நிற்காத கழுத்தை மெல்ல மெல்லத் திருப்பி, தன்னைக் கூப்பிட்ட திசையைக் கண்டுபிடித்து, உடம்பு முழுக்கச் சிரித்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை, எல்லாரும் பள்ளத்தைப் பார்த்துக் கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கயல்," என்றார் டீச்சர்.

யாரும் பதில் சொல்லவில்லை. பிள்ளை இன்னும் முந்தின பெயருக்கே சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கயல்," என்று டீச்சர் இரண்டாம் முறை கூப்பிட்டார்.

மகளின் வயிற்றிலிருந்து கையை எடுக்காமல், மேனகா எழுந்து நின்று சொன்னாள், "உள்ளேன் டீச்சர்."